மேசையைத் தட்டிய கை

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. நான்கு வருடமாகச் செஸ் விளையாடுகிறான். போன மாதம் எங்கள் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த போட்டியில், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் கோட்டைவிட்டான். எதிரே இருந்தது ஒன்பது வயதுச் சிறுமி. தோற்றதும் மேசையில் ஓங்கிக் குத்தினான். காய்கள் சிதறின. கை கொடுக்கவில்லை, நகர்த்தல்களைக் குறித்துவைக்கும் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டான். அந்தப் பெண் பயந்து அழுதுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு பெற்றோர் அதைப் போனில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். எனக்குத் தலை நிமிர முடியவில்லை. வீடு வரும் வரை இரண்டு மணி நேரம் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி அவனே வந்து, "கார்ல்சன் குகேஷ்கிட்ட தோத்தப்ப டேபிள அடிச்சாரேப்பா, அவரை யாரும் விளையாட வராதன்னு சொல்லலையே?" என்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. தோனி மாதிரி இருக்கணும்டா என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் இன்னொரு போட்டி இருக்கிறது. தண்டனையாக அதற்கு அனுப்பாமல் விடலாமா? இந்தக் குணத்தை எப்படி மாற்றுவது?

– பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மகன் கேட்டது குதர்க்கம் இல்லை, நல்ல கேள்வி. பதினைந்து வருடமாக விளையாட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் தொழில். இந்தக் கார்ல்சன் கேள்வியைக் கடந்த ஓராண்டில் வேறு வேறு பிள்ளைகள் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். எல்லோரும் பார்த்தது அதே சில விநாடி வீடியோதான். எல்லோரும் பாதியில் நிறுத்தியதும் அதே இடத்தில்தான்.

ஆகவே முதல் வேலையாக, அந்த வீடியோவை அவனோடு உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். 2025 ஜூன் 1, நார்வேயின் ஸ்டாவஞ்சர் நகரம், நார்வே செஸ் போட்டியின் ஆறாவது சுற்று. முதல் சுற்றில் நம் குகேஷை வென்றிருந்த, நார்வே நாட்டு முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் இந்த ஆட்டத்திலும் ஜெயிக்கும் நிலையில்தான் இருந்தார். கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டிருந்தபோது, 52-வது நகர்த்தலில் குதிரையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். அதோடு ஆட்டம் கைமாறிவிட்டது. தோல்வி உறுதியானதும் மேசையில் ஓங்கிக் குத்தினார், காய்கள் எகிறின. உங்கள் மகன் இதுவரை சரியாகப் பார்த்திருக்கிறான்.

அடுத்து நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். கார்ல்சன் கை கொடுத்தார். குகேஷிடம் மன்னிப்புக் கேட்டார், ஒரு முறை அல்ல, இரண்டு முறை. போகும்போது அந்தப் பத்தொன்பது வயதுப் பையனின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். குத்தியதற்கும் தட்டிக்கொடுத்ததற்கும் நடுவே அதிக நேரம் இல்லை. அவ்வளவு சீக்கிரம் கோபம் ஆறியிருக்க வாய்ப்பே இல்லை. உள்ளே எல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கை தன் வேலையைச் செய்திருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்ல இருப்பது ஏறக்குறைய இதுதான். நீங்கள் "இந்தக் குணத்தை" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் குணம் என்று எடுத்துக்கொண்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை, திட்டுவதைத் தவிர. நான் இதைக் கைப்பழக்கமாகப் பார்க்கிறேன். ஓப்பனிங் பழகுகிற மாதிரி, எண்ட்கேம் பழகுகிற மாதிரி, தோற்ற பிறகு வரும் ஒரு நிமிடத்தையும் பழக வேண்டும். நம் ஊரில் எந்த அகாடமியிலும் அதற்கு வகுப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நாற்பது நகர்த்தல் சொல்லிக்கொடுக்கிறோம், நாற்பத்தொன்றாவதாகக் கை நீட்ட வேண்டும் என்பதை மட்டும் பிள்ளையின் நல்ல மனசுக்கு விட்டுவிடுகிறோம்.

அந்த ஆட்டத்தில் குகேஷ் செய்ததையும் அவன் கவனிக்கட்டும். ஜெயித்தவர் அவர், அதுவும் கார்ல்சனை கிளாசிக்கல் எனப்படும் நீண்ட நேர ஆட்டத்தில் முதல் முறையாக. துள்ளவில்லை. எழுந்து ஓர் ஓரமாகப் போய் நடந்து நடந்து தன்னை நிதானப்படுத்திக்கொண்டார். பிறகு கேட்டவர்களிடம், நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை நான் தோற்றிருக்க வேண்டிய ஆட்டம், இன்று எனக்கு அதிர்ஷ்டம் என்ற பொருளில் பேசினார். மேசையைப் பற்றிக் கேட்டபோது, நானும் நிறைய மேசைகளைத் தட்டியிருக்கிறேன் என்றார். உலக சாம்பியன் சொல்கிறார்! பெரிய ஆட்டக்காரர்களுக்குத் தோல்வி உறைக்காது என்று நம் பிள்ளைகளிடம் நாம்தான் ஒரு கதை கட்டிவைத்திருக்கிறோம்.

தோனி கதையும் அப்படித்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் மஞ்சள் சட்டைக்காரிதான். 2019 ஏப்ரலில் ஜெய்ப்பூரில் ராஜஸ்தானுக்கு எதிரான ஆட்டம். ஒரு நோ-பால் விவகாரத்தில், அவுட்டாகி வெளியே போயிருந்த தோனி மைதானத்துக்குள் இறங்கி வந்து நடுவர்களோடு வாக்குவாதம் செய்தார். ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதம். 'கேப்டன் கூல்' என்று நாம் பட்டம் கொடுத்த மனிதர் அவர். அவரையே பிள்ளையின் முன்னால் கொண்டுபோய்ச் சிலையாக நிறுத்தினால், "எனக்குக் கோபம் வருதே, அப்ப நான் கெட்ட பையன்" என்றுதான் அவனுக்குத் தோன்றும். அந்த ஜெய்ப்பூர் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செஸ்ஸில் தோல்வி ஏன் இத்தனை சுடுகிறது என்பதை விளையாடாத பெற்றோர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். கிரிக்கெட்டில் பிட்ச் சரியில்லை, அம்பயர் தப்பாகக் கொடுத்தார், பார்ட்னர் ரன் அவுட் ஆக்கிவிட்டான். சொல்ல ஏதாவது இருக்கும். செஸ்ஸில் டாஸ் இல்லை, மழை இல்லை, கூட விளையாடியவனும் இல்லை. அதைவிட, பல ஆட்டங்களில் தோற்றவனே "நான் தோற்றேன்" என்று அறிவித்துத்தான் ஆட்டம் முடிகிறது. ஒரு பதினொரு வயதுப் பிள்ளை, தன்னைவிடச் சின்னப் பெண்ணுக்கு முன்னால், அறை நிறைய ஆட்கள் இருக்க, தன் தோல்வியைத் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் நம்மில் எத்தனை பேர் ஆபீஸில் இதைச் செய்திருப்போம்? அதிலும் ஜெயிக்கிற பொசிஷனிலிருந்து தோற்பது தனி ரகம். மோசமாக விளையாடித் தோற்றவன் தூங்கிவிடுவான். கையில் இருந்ததை நழுவவிட்டவனுக்குத்தான் தூக்கம் வராது.

நம் சென்னையிலேயே அது நடந்திருக்கிறது. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம் டெஸ்ட். பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் இலக்கு. முதுகு வலியோடு 136 அடித்த டெண்டுல்கர், இன்னும் 17 ரன் இருக்கும்போது சக்லைன் முஷ்டாக்கிடம் அவுட்டானார். மீதி மூன்று விக்கெட் நான்கு ரன்னுக்குள் போய், இந்தியா 12 ரன்னில் தோற்றது. ஆட்ட நாயகன் விருது டெண்டுல்கருக்குத்தான். வாங்க அவர் வெளியே வரவில்லை, உள்ளே அழுதுகொண்டிருந்தார். அதே நேரம் வெளியே சேப்பாக்கம் ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டினார்கள், வாசிம் அக்ரமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கை தட்டிய கூட்டத்தைப் பற்றி நாம் இன்றும் பெருமை பேசுகிறோம். உள்ளே அழுதவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் யாரையும் பயமுறுத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதார், அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தை மகனுக்குச் சொல்லுங்கள். அழலாம். ஒதுங்கிப் போகலாம். யாரோடும் பேசாமல் இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பயமுறுத்தக் கூடாது, அவருடைய வெற்றியை அசிங்கப்படுத்தக் கூடாது. "கோபப்படாதே" என்பதை எந்தப் பிள்ளையாலும் கடைப்பிடிக்க முடியாது. "எழுந்திருக்கும் முன் கை கொடு" என்றால் முடியும்.

பிரபலங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தோற்ற சூட்டோடு மைக் முன்னால் உட்கார வேண்டும், அது போட்டி விதி. 2016 நவம்பரில் நியூயார்க்கில் உலக சாம்பியன்ஷிப் எட்டாவது ஆட்டத்தில் ரஷ்யாவின் கர்யாகினிடம் தோற்ற கார்ல்சன், பேட்டி மேடையில் வந்து உட்கார்ந்தார். கர்யாகின் வரக் கொஞ்சம் தாமதம். பொறுக்க முடியாமல் எழுந்து போய்விட்டார். அபராதம் விதித்தார்கள். அந்தப் பட்டத்தைக் கடைசியில் தன் இருபத்தாறாவது பிறந்த நாளில் அவர் தக்கவைத்தது வேறு விஷயம்.

நம் விஸ்வநாதன் ஆனந்தைவிடப் பண்பானவரைக் காட்டுவது கஷ்டம் இல்லையா? 2013 நவம்பரில், தான் வளர்ந்த சென்னையிலேயே, கார்ல்சனிடம் பட்டத்தை இழந்துகொண்டிருந்தார். ஆறாவது ஆட்டத்தையும் தோற்றுவிட்டு, இனி என்னால் முடிந்ததைச் செய்வேன் என்றார். ஒரு வெளிநாட்டு நிருபர், முடிந்ததைச் செய்வது என்றால் என்ன அர்த்தம் என்று கிளறினார். முடிந்ததைச் செய்வதென்றால் முடிந்ததைச் செய்வதுதான், உங்களுக்கு ஏன் இங்கிலீஷ் புரியவில்லை என்று தெரியவில்லை என்று ஆனந்த் பட்டென்று சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். அவருக்கும் சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு நாள் கழித்து, நவம்பர் 22 அன்று, 6.5–3.5 என்று எல்லாம் முடிந்தபோது அதே ஆனந்த், என் தவறுகள் தானாக நடந்துவிடவில்லை, அவர்தான் என்னைத் தவறு செய்ய வைத்தார், முழுப் பெருமையும் அவருக்கே என்றார். நாற்பத்து மூன்று வயதில், சொந்த ஊரில், பட்டத்தைப் பறிகொடுத்த அன்று பேசிய பேச்சு இது. நம் பிள்ளைகள் தோற்றால் முதலில் என்ன சொல்வார்கள்? "அவ ஒண்ணும் நல்லா ஆடல, நான்தான் ப்ளண்டர் பண்ணிட்டேன்." கேட்டிருப்பீர்கள். அதில் எதிராளியே இல்லை, கவனித்தீர்களா? ஆனந்தின் வாக்கியத்தில் எதிராளி இருக்கிறார்.

சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று, அப்போதைய உலக சாம்பியன் சீனாவின் டிங் லிரன் குகேஷிடம் எப்படித் தோற்றார் என்பதையும் பையனுக்குக் காட்டலாம். அவன் குகேஷ் அழுததை மட்டும் பார்த்திருப்பான். பதினான்காவது, கடைசி ஆட்டம். டிராவில் முடியும் என்று எல்லோரும் நினைத்த நிலையில் 55-வது நகர்த்தலில் யானையைத் தப்பாக நகர்த்தி, உலகப் பட்டத்தையே கொடுத்துவிட்டார். உலகமே பார்க்க நடந்த பிழை. அன்றைக்கே பேட்டியில் வந்து உட்கார்ந்து, பிழையை உணர்ந்ததும் அதிர்ந்து போனேன் என்று மறைக்காமல் சொன்னார். முந்தைய ஆட்டத்தில் தான் தப்பிப் பிழைத்ததே அதிர்ஷ்டம் என்பதால் இந்த முடிவு நியாயமானதே, வருத்தம் இல்லை என்றார். வெற்றி பெற்ற குகேஷோ, முதலில் காய்களையெல்லாம் பழையபடி கட்டங்களில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்தார். தன் பேட்டியில் டிங்கை உண்மையான சாம்பியன் என்றார்.

காய்களை அடுக்கி வைப்பது! எனக்கு இந்தச் சின்னப் பழக்கத்தின் மேல் பெரிய நம்பிக்கை உண்டு. மனசு சிதறிக்கிடக்கும்போது கைக்கு ஒரு வேலை வேண்டும். முப்பத்திரண்டு காய், எல்லாவற்றுக்கும் ஓர் இடம். அடுக்கி முடிப்பதற்குள் மூச்சு கொஞ்சம் இறங்கிவிடும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தினமும் பத்து நிமிடம் போதும். நீங்களோ அவன் அம்மாவோ எதிரே உட்காருங்கள், செஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவன் தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு நிலையைப் போர்டில் வைத்து, கடிகாரத்தை ஓடவிட்டு, தோற்றதாக நடிக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தை நிறுத்து, கண்ணைப் பார்த்துக் கை கொடு, ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்து, காய்களை அடுக்கு, நாற்காலியை உள்ளே தள்ளு, தண்ணீர் பாட்டிலை எடு, எழுந்திரு. முதல் இரண்டு நாள் சிரிப்பான். சிரிக்கட்டும். பிறகு நிஜமாகவே தோற்கிற வேக ஆட்டங்களை, மூன்று நிமிடம் ஐந்து நிமிடம், அவனைவிட வலுவான அண்ணன்மாரோடு ஆடவிட்டு அதே வரிசையைச் செய்ய வையுங்கள். கோபத்தைத் தலையணையில் குத்தித் தீர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். குத்தினால் கோபம் வடியும் என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. குத்துவதுதான் பழகும்.

இப்போது கொஞ்சம் உங்களைப் பற்றி.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. இரண்டு மணி நேரம் அவனிடம் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் தோற்றான், அவன் கோபம் மேசை மேல் போனது. நீங்களும் அன்று தோற்றதாகத்தான் உணர்ந்திருக்கிறீர்கள், உங்கள் கோபம் அவன் மேல் போனது. சத்தம் வராததால் அது குத்து இல்லை என்று ஆகிவிடாது. ராத்திரி அவனே வந்து கார்ல்சனைப் பற்றிக் கேட்டான் என்றால், அப்பாவோடு மறுபடி பேச ஒரு வழி தேடியிருக்கிறான் என்றே எனக்குப் படுகிறது. அந்த மௌனத்துக்காக நீங்கள் அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள். பெரியவர் கேட்டுப் பார்த்தால்தான் மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பாடம் அவனுக்குச் சீக்கிரம் தேவைப்படப்போகிறது.

இன்னொன்று. ஹால் வாசலில் நிற்கும் பெற்றோர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளை கதவைத் தாண்டும் முன்பே, கட்டை விரலை மேலும் கீழும் ஆட்டி, ஜெயமா தோல்வியா என்று சைகையில் கேட்பார்கள். பிள்ளை அந்த விரலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்கிற பயத்தோடுதான் கடைசி நகர்த்தல்களை ஆடுகிறது. நீங்கள் அப்படிச் செய்பவரா என்று எனக்குத் தெரியாது. செய்பவராக இருந்தால் நிறுத்திவிடுங்கள். வெளியே வந்ததும் "பசிக்குதா?" என்று கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவனாக எடுத்தால் பேசுங்கள், இல்லையென்றால் அடுத்த ரவுண்டில் யாருக்கு யார் எதிராளி என்று பேரிங் போடும் வரை தயிர் சாதமும் மர நிழலும் போதும்.

அந்த வீடியோ. எடுத்தவரிடம் நேரடியாக, தனியாக, மரியாதையாகப் பேசி நீக்கச் சொல்லுங்கள். குழுவிலேயே சண்டை போட்டால் பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். நட்சத்திர ஆட்டக்காரர்கள் கேமரா இருக்கும் என்று தெரிந்து மேடை ஏறுகிறவர்கள், அதற்கு அவர்களுக்குச் சம்பளமும் உண்டு. பதினொரு வயதுப் பிள்ளையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அதில் அந்தச் சிறுமி அழுவதும் பதிவாகியிருக்கும், அவள் பெற்றோர்களுக்கும் இது பிடித்திருக்காது. போட்டி நடத்துபவர்களிடம் ஜன்னல் பக்கம் ஆட்களை நிற்கவிடாதீர்கள் என்றும் சொல்லலாம்.

தண்டனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். போட்டிக்கு அனுப்பாமல் இருக்க வேண்டாம். நீச்சலில் தண்ணீர் குடித்த பிள்ளையைக் குளத்துப் பக்கமே விடாவிட்டால் எப்படிக் கற்கும்? ஆனால் அவன் செய்தது சும்மா விடக்கூடியதும் இல்லை. அங்கே நடுவர் எச்சரித்திருந்தால் அது சரிதான். எதிராளியைத் தொந்தரவு செய்வது உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதிகளுக்கே விரோதம், முடிந்த ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பதும் விதிதான். அடுத்த போட்டிக்குப் போகும் முன் அவன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிட்டுப் போகட்டும்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை மட்டும். தோற்ற பிறகு தன்னையே அடித்துக்கொள்வது, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்வது, போட்டிக்கு முந்தைய நாள் வயிற்று வலி, தூக்கமின்மை, ரிசல்ட்டை மாற்றிச் சொல்வது. இவற்றில் ஏதாவது தொடர்ந்து இருந்தால் என் கடிதத்தோடு நிறுத்தாமல் ஒரு குழந்தை உளவியலாளரை நேரில் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பாக்கி வேலை என்று சொன்னேனே, அது அந்தச் சிறுமி. உங்கள் கடிதத்தில் அவள் ஒரே ஒரு வரியில் வந்து அழுதுவிட்டுப் போய்விட்டாள். அவள் அன்று தன்னைவிட இரண்டு வயது பெரிய பையனை, தோற்கிற நிலையிலிருந்து ஜெயித்திருக்கிறாள். அவள் வாழ்க்கையிலேயே பெரிய ஆட்டமாக அது இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சொல்ல அவளுக்கு மிஞ்சியது பயம்தான்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. கல்லூரியில் டேபிள் டென்னிஸ் ஆடினேன். ஒரு முறை அரை இறுதியில் தோற்றதும் யாரையும் பார்க்காமல் பின் வாசல் வழியாக வெளியேறிவிட்டேன். பஸ் நிறுத்தம் வரை ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள், என்னைத் தோற்கடித்தவள். நான் மறந்துவிட்டு வந்த பையைக் கொடுத்துவிட்டு, "உன் சர்வீஸ் எப்படிப் போடுற, சொல்லிக் குடு" என்றாள். அன்றைக்கு அவளுக்கு இறுதி ஆட்டம் வேறு இருந்தது. அதை அவள் ஜெயித்தாளா என்று நான் கேட்கவே இல்லை. முப்பது வருடம் ஆகிறது.

உங்கள் பையனின் கோச் மூலமாக அந்தப் பெண்ணின் பெற்றோரிடம் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போக அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஒரு கடிதம் எழுதி அனுப்பட்டும். சரி என்றால் அவன் பேசட்டும், நீங்கள் பின்னாலிருந்து முதுகைத் தள்ளாதீர்கள். "நான் மேசையைக் குத்தினது தப்பு, நீ பயந்துட்ட, சாரி" என்ற அளவுக்கு இருந்தால் போதும். கார்ல்சன் கதை, தூக்கம் வராத கதையெல்லாம் அங்கே வேண்டாம். செஸ்ஸில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் தோற்றவரும் ஜெயித்தவரும் சேர்ந்து உட்கார்ந்து அதே ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிப் பார்ப்பார்கள். அன்று இவர்கள் இருவருக்கும் அது கிடைக்கவில்லை.

அவள் வீட்டில் போர்டு இருக்கும். நீங்கள் அவனுடைய ஸ்கோர் ஷீட்டைத் தேடி எடுத்து வையுங்கள், கசக்கிப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, நீவிவிட்டால் படிக்க முடியும்.